சொக்லேட் ஸ்டவுட்டைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பகல் வெயிலுக்கு எல்லோர் கையிலும் இருப்பது குளிர்ந்த லாகர் பியர்தான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில் ஸ்டவுட் எனும் கன்னங்கரேலென்ற கறுப்பு பியர்ப் போத்தல் ஒன்று வந்து இறங்கும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. இதில் சொக்லேட் கலந்திருக்கிறார்களா, ஐஸ் போடலாமா, நண்டுக்கறியோடு ஒத்துப்போகுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். 21 வயது நிரம்பியவர்களுக்கும், மதுவை ரசித்துக் கொஞ்சமாகக் குடிக்க விரும்புகிறவர்களுக்குமானது இது. ஸ்டவுட்டைத் தாகத்துக்குக் குடிக்காதீர்கள், உறையக் குளிரவைக்காதீர்கள். இந்த இரண்டையும் கைக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெயரில் சொக்லேட் இருக்கிறதே, உள்ளே உண்மையிலேயே சொக்லேட் இருக்கிறதா?

பெரும்பாலானவற்றில் இல்லை. சொக்லேட்டின் மணமும் கசப்பும் பார்லியை வறுப்பதிலேயே வந்துவிடுகின்றன.

பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தினால் மோல்ட் கிடைக்கும். அதை உருளையில் இட்டு 200 பாகை செல்சியஸைத் தாண்டும் சூட்டில் வறுத்தால், கடும் மண்ணிறமாகி கொக்கோவையும் கோப்பியையும் நினைவூட்டும் மணம் எழும். இந்த நிறத்தில் வறுத்ததைத்தான் மதுவடிப்பவர்கள் சொக்லேட் மோல்ட் என்கிறார்கள். அதில் கொக்கோ ஒரு துகளும் கிடையாது. ஒரு ஸ்டவுட்டுக்கு எடுக்கும் தானியத்தில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் இது சேரும். மீதியில் பெரும்பகுதி சாதாரண வெளிர் மோல்ட். அவ்வளவு சிறிய பங்கு முழுப் பியரையும் கறுப்பாக்கிவிடுகிறது.

வறுத்த பார்லிக்கு எப்படிக் கொக்கோவின் வாசனை வருகிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொக்கோ விதையைப் பழத்திலிருந்து எடுத்த கையோடு வாயில் போட்டால் துவர்ப்பும் கசப்பும்தான் தெரியும், சொக்லேட் தெரியாது. அதைச் சில நாள் நொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்த பிறகே அந்த மணம் பிறக்கிறது. மாத்தளை, கண்டிப் பக்கம் கொக்கோ மரம் வைத்திருக்கும் வீட்டாருக்கு இது தெரிந்த விஷயம். வறுக்கும்போது சீனிப் பொருள்களும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மாறுகின்றன. 1912இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மெய்லார்ட் விவரித்ததால் அவர் பெயராலேயே மெய்லார்ட் வினை என்று சொல்லப்படுவது இதுதான். பாண் மேலோடு சிவப்பதும், இறைச்சி பொரியும்போது மணப்பதும் இதே வினையால்தான். வறுத்த கொக்கோவிலும் வறுத்த மோல்ட்டிலும் பைரசீன்கள் எனப்படும் ஒரே குடும்ப வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே ஸ்டவுட்டில் சொக்லேட் மணக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது கற்பனையாகாது. மூக்கு சரியாகத்தான் சொல்கிறது.

இதற்கு வழி திறந்தது 1817இல் டானியல் வீலர் என்ற ஆங்கிலேயர் பெற்ற காப்புரிமை. கோப்பிக்கொட்டை வறுப்பதுபோல இரும்பு உருளையில் மோல்ட்டைச் சுழற்றிச் சுழற்றி, தீய்ந்துபோகாமல் கறுப்பாக்கும் முறை அது. அதற்கு முன்பு விறகுத் தீயில் காய்ந்த மண்ணிற மோல்ட்டைத்தான் நம்பியிருந்தார்கள்.

உண்மையான கொக்கோ சேர்க்கும் ஸ்டவுட்களும் உண்டு. இங்கிலாந்தின் யங்ஸ் டபுள் சொக்லேட் ஸ்டவுட்டில் சொக்லேட் மோல்ட்டோடு சொக்லேட்டும் சேர்கிறது. நியூயோர்க்கின் புரூக்ளின் பிளாக் சொக்லேட் ஸ்டவுட்டில் சொக்லேட்டே கிடையாது, எல்லாம் மோல்ட்டின் வேலை. சிறிய மதுவடிசாலைகள் பல, நொதித்து முடிந்த பியரில் உடைத்த கொக்கோப் பருப்பைச் சில நாள்கள் ஊறப்போடுகின்றன. என் விருப்பத்தைக் கேட்டால் மோல்ட்டால் மட்டும் வரும் சொக்லேட்டுக்கே முதலிடம். செயற்கை வாசனை சேர்த்தவை மூடியைத் திறந்ததும் கமகமவென்று மணக்கும், இரண்டாவது மிடறில் காணாமற்போகும்.

கறுப்பு பியர் எல்லாம் ஒன்றுதானே?

நிறம் ஒன்று, குணம் வேறு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்த போர்ட்டர் பியரின் வலிமையான வடிவமாகத்தான் ஸ்டவுட் பிறந்தது. 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு மதுவடிசாலையை எடுத்தார். அங்கிருந்து வளர்ந்த அயர்லாந்துப் பாணி இனிப்புக் குறைந்தது. முளைவிடாத பார்லியை அப்படியே வறுத்துச் சேர்ப்பதால் கோப்பிச் சுவை தூக்கலாக இருக்கும், மதுசாரமும் குறைவு.

பால் ஸ்டவுட்டில் பாற்சீனியான லக்டோஸ் சேர்ப்பார்கள். பியர் ஈஸ்ட்டால் அதை நொதிக்கவைக்க முடியாது, ஆகவே இனிப்பு அப்படியே நிற்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓட்ஸ் சேர்த்தது நாக்கில் வழுவழுப்பாக இருக்கும். இம்பீரியல் ஸ்டவுட் என்பது லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்கு ஏற்றுமதியான வலுவான பியரின் வாரிசு. 8 வீதத்திலிருந்து 12 வீதம் வரை மதுசாரம் இருக்கும், சில அதற்கும் மேலே போகும். சொக்லேட் செறிந்த கிராஃப்ட் ஸ்டவுட் (சிறிய மதுவடிசாலைகளில் வடித்தது) என்று உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இம்பீரியலாகவோ பால் ஸ்டவுட்டாகவோதான் இருக்கும்.

அப்போ எங்கள் லயன் ஸ்டவுட்?

அதற்குத் தனி மரியாதை உண்டு, அதை நம்மவர்கள் பலர் அறியாமலிருப்பது எனக்கு வருத்தம். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் வேரூன்றிய மதுவடிப்பு மரபிலிருந்து வந்து, இன்று பியகமவில் தயாராகிறது. மதுசாரம் 8.8 வீதம். ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (1942–2007) இதை மனந்திறந்து பாராட்டியதால் வெளிநாட்டு ரசிகர்கள் இலங்கையைத் தேயிலைக்கு அடுத்தபடியாக இந்த ஸ்டவுட்டால் அறிந்துகொண்டார்கள். பாடகர் மைக்கல் ஜாக்சனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பியர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுத்துச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பிஜேசிபி, 2015ஆம் ஆண்டு வழிகாட்டியில் 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்று ஒரு தனிப்பிரிவே வகுத்தது. அதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் ஜமேக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு நமது லயனும் உண்டு. இனிப்பு, பழச்சாயல், தீய்ந்த காரமில்லாத மென்மையான வறுவல் ஆகியவை இந்தப் பிரிவின் அடையாளம். வெளிநாட்டுக் கிராஃப்ட் போத்தலுக்குக் காத்திருக்காமல், முதல் பயிற்சியை இதிலேயே தொடங்குங்கள். கறுப்புச் சொக்லேட், கித்துள் பாணி, பேரீச்சம்பழம் மூன்றும் இதில் தேடினால் கிடைக்கும்.

கிராஃப்ட் ஸ்டவுட் திருகோணமலையில் வாங்கலாமா?

நகரத்து மதுக்கடைகளிலும் உப்புவெளி விடுதிகளிலும் எளிதாகக் கிடைப்பது உள்ளூர் ஸ்டவுட்தான். சிறிய மதுவடிசாலைகளின் ஸ்டவுட் வேண்டுமென்றால் கொழும்பில் தேட வேண்டும், அல்லது விமான நிலையம் வழியாக வரும் உறவினரிடம் சொல்லிவைக்க வேண்டும். கொண்டுவரக்கூடிய அளவுக்குச் சுங்க வரம்பு உண்டு. வருகிறவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே வடிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது வடிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கொழும்பிலிருந்து கொண்டுவந்த போத்தலை எப்படி வைத்திருப்பது?

இந்த ஊரில் இதுதான் பெரிய சோதனை. பியருக்கு மூன்று எதிரிகள்: சூடு, ஒளி, ஒட்சிசன். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி வரும் வழியில், நிறுத்திவைத்த வேனின் டிக்கிக்குள் வெயில் ஏறினால் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் சில மணி நேரம் கிடந்த பியர் மாதக்கணக்கில் பழையதானதுபோல் ஆகிவிடும். இரவுப் பயணத்தில் கொண்டுவருவது நல்லது. பகல் என்றால் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி ஒன்றில் கொஞ்சம் ஐஸோடு வையுங்கள்.

வந்து சேர்ந்ததும் ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்துவிடுங்கள். குலுங்கிய வாயு அடங்கும், அடியில் ஈஸ்ட் வண்டல் இருந்தால் அதுவும் படியும். குளிர்சாதனப் பெட்டியில் இடமிருந்தால் அங்கேயே இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சமையலறை அலுமாரியில் பியரை விட்டுவைக்காதீர்கள். ஓட்டு வீட்டின் நடு அறையும் அந்த நாள்களில் பியருக்குச் சூடுதான்.

ஒளி விஷயத்தில் ஸ்டவுட்டுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. மண்ணிறக் கண்ணாடியும் ரின்னும் ஒளியைத் தடுக்கும். பச்சை, வெள்ளைக் கண்ணாடிப் போத்தலை வெயிலில் வைத்தால், பியருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட வாடை அடிக்கும்.

வலுவான ஸ்டவுட்டை வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பார்களாமே?

8 வீதத்துக்கு மேற்பட்டவற்றை அப்படி வைப்பதுண்டு, 12, 13 பாகையில் மாறாமல் இருக்கும் நிலவறையில். நமது வீடுகளில் அந்த வசதி இல்லை. கிடைத்ததைப் புதிதாகவே குடித்துவிடுங்கள். கொக்கோ சேர்த்தவற்றில் முதலில் மங்குவதே அந்தக் கொக்கோ மணம்தான்.

எவ்வளவு குளிராக இருக்க வேண்டும்? ஐஸ் போடலாமா?

ஐஸ் வேண்டாம். 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை நல்ல அளவு. குளிர்சாதனப் பெட்டியின் குளிர் சுமார் 4 பாகை. அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும். வாசனைப் பொருள்களும் பியரை விட்டு எழாது. மிஞ்சுவது கசப்பும் வாயுவின் சுருக்கும் மட்டுமே. 'ஸ்டவுட் வெறும் கசப்பு' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் அதை உறையும் குளிரில்தான் குடித்திருக்கிறார்கள்.

நம்முடைய வெக்கை இங்கே உதவிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால், 330 மில்லிலீற்றர் போத்தல் கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் சரியான சூட்டுக்கு வந்துவிடும். காற்றில் ஈரப்பதன் நிறைந்த நாள்களில் போத்தலின்மேல் வியர்க்கும் தண்ணீரே சூட்டை உள்ளே கொடுப்பதால் இன்னும் விரைவாக வரும். அதற்கு மேல் விட்டுவிட்டால் 20 பாகையைத் தாண்டி மதுசார வாடை தலைதூக்கும். அதனால் போத்தலைத் திறந்ததும் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, மீதியைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. முதல் மிடறை 8 பாகையில் எடுங்கள், கடைசி மிடறு 15 பாகையில் வரட்டும். ஒரே பியர், ஒரே கிளாஸ், ஆனால் முதலில் கோப்பி, பிறகு சொக்லேட், கடைசியில் உலர்பழம் என்று மாறிக்கொண்டே போவதைக் கவனிக்கலாம். வாடைக்காலத்து மழை மாலைதான் இதற்கு உகந்தது என்பது என் எண்ணம். அப்போது பியரும் அவசரமாகச் சூடேறாது, குடிப்பவருக்கும் அவசரம் இருக்காது.

விசேஷமான கிளாஸ் வேண்டுமா?

வேண்டாம். வாய் சற்றுக் குறுகி வயிறு அகன்ற வைன் கிளாஸ் போதும். மணம் உள்ளே தங்கும். அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் கோப்பைகளில் மட்டும் ஊற்றாதீர்கள். கிளாஸில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை உடனே இறங்கிவிடும். மீன் பொரித்த கையால் கழுவிய கிளாஸை இன்னொரு முறை சோப் போட்டு, நன்றாக அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள்.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியது?

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். ஒரு விரல் அளவு நுரை எழட்டும். நுரை எழாமல் ஊற்றுவது கெட்டித்தனம் என்று நினைக்கிறோம், ஆனால் மணத்தைத் தூக்கிக்கொடுப்பது அந்த நுரைதான். வண்டல் உள்ள போத்தல் என்றால் அடியில் ஒரு விரல் உயரம் விட்டுவிடுங்கள். கொக்கோ சேர்த்த ஸ்டவுட்டில் நுரை குறைந்தால் குறையென்று நினைக்க வேண்டாம். கொக்கோவிலுள்ள கொழுப்பு நுரையை உடைக்கும்.

நைட்ரோ என்று எழுதிய ரின்னில் ஏதோ உருளுகிறதே?

அது நைதரசன் அடைத்த சிறு பிளாஸ்ரிக் உருண்டை. இதன் முதல் வடிவம் 1980களின் இறுதியில் கின்னஸ் ரின்களில் வந்தது. திறந்ததும் அழுத்தம் குறைய, அதிலிருந்து வாயு சீறி நுண்ணிய குமிழிகளை எழுப்பும். நைதரசன் பியரில் காபனீரொட்சைட்டைவிட மிகக் குறைவாகவே கரையும், குமிழியும் சிறியது, அதனால் பால் ஆடைபோன்ற நுரை வரும். இந்த ரின்னை மட்டும் தயங்காமல் ஒரே மூச்சில் ஊற்றிவிட வேண்டும். வாயில் வழுவழுப்புக் கூடும், மணம் ஓரளவு அடங்கும். சொக்லேட் வாசனையைத் தேடிப் போகிறவருக்குச் சாதாரணப் போத்தல்தான் நல்லது.

சரி, கிளாஸ் கையில் இருக்கிறது. இனி?

முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். நுரை வெள்ளையாக இராது. பாலூற்றிய கோப்பி நிறத்திலிருந்து கடும் மண்ணிறம் வரை இருக்கும். அதுவும் வறுத்த மோல்ட்டின் நிறமிதான்.

பிறகு மணம். கிளாஸை ஒரு சுற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஆழ இழுக்காமல் குட்டிக் குட்டியாக மூன்று நான்கு முறை முகருங்கள். ஒரு நீண்ட இழுப்பில் மூக்கு சலித்துவிடும். சலித்தால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள், மூக்கு தெளியும். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சொக்லேட் என்றால் எந்தச் சொக்லேட்? பால் சொக்லேட்டா, சீனியில்லாத கொக்கோத் தூளா, 70 வீதக் கறுப்புச் சொக்லேட்டா? அதன் பின்னால் கோப்பி இருக்கிறதா? கருகிய பாண் தோலா? பழம் இருந்தால் பேரீச்சையா, முந்திரிகை வற்றலா, நன்றாகக் கனிந்த கதலி வாழைப்பழமா?

அதற்குப் பிறகே வாய். ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி இரண்டு மூன்று வினாடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கிய உடனே வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சொக்லேட் முழுமையாகத் தெரிகிற இடம் இதுதான். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. தடிமன் பிடித்தால் சாப்பாட்டில் ருசியே தெரியாமற்போவதும் இதனால்தான். வைன் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பியரில் சுவை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விழுங்கவே செய்வார்கள், கசப்பின் நீளம் தொண்டையில்தான் தெரியும் என்பதால்.

முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறில் இனிப்பு எங்கே தொடங்குகிறது, கசப்பு எங்கே பிடிக்கிறது, பியரின் உடம்பு, அதாவது வாயில் உணரும் தடிப்பு, தண்ணீர்போலவா பாணிபோலவா என்று பாருங்கள். மூன்றாவதுக்குப் பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நல்ல சொக்லேட் ஸ்டவுட் அந்த ஒரு நிமிடமும் வாயில் நிற்கும், கடைசியில் கொக்கோத் தூளின் வறட்சியோடு முடியும். சீனியின் பிசுபிசுப்பு மட்டும் உதட்டில் மிஞ்சினால் அது இனிப்பான பியர், அவ்வளவுதான்.

எனக்குக் கசப்பே பிடிக்காது.

பால் ஸ்டவுட்டில் தொடங்குங்கள், அல்லது வெப்பமண்டலப் பாணியில். கசப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது: ஒன்று ஹொப்ஸ், மற்றது வறுத்த தானியம். சொக்லேட் ஸ்டவுட்டில் தெரிவது பெரும்பாலும் இரண்டாவது. சீனியில்லாத கோப்பி குடித்துப் பழகியவருக்கு அது புதிதாக இராது.

புளிப்புத் தட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

லேசான புளிப்பு இயல்பு. கறுப்பு மோல்ட் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. ஆனால் வினாகிரிபோல் மூக்கில் ஏறினால் கிருமி புகுந்துவிட்டது, ஊற்றிவிடுங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் ஒட்சிசன் சேர்ந்து பழையதாகிவிட்டது என்று பொருள். சோயா சோஸ் வாடை, சூட்டில் நெடுநாள் கிடந்ததன் அடையாளம், நமது வெயிலில் அடிக்கடி சந்திப்பது இதைத்தான். உருக்கிய பட்டர் வாசனை நொதிப்பு சரியாக முடியாததைக் காட்டும். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்தால் முதலில் பயணத்தின் குலுக்கலைச் சந்தேகியுங்கள். இரண்டு நாள் குளிரில் நிமிர்ந்து நின்ற போத்தலும் பொங்கினால்தான் உள்ளே கோளாறு.

என்ன சாப்பிடலாம்?

இங்கேதான் திருகோணமலைக்காரர் கொடுத்துவைத்தவர். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிடுவது பழைய வழக்கம். கடல் உப்பும் வறுவல் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அதே கணக்கில், கரியில் சுட்ட கணவாயும் உப்பும் மிளகும் மட்டும் போட்ட இறாலும் நம் மேசைக்குப் பொருந்தும். சுட்ட இடத்திலுள்ள கருகல், பியரின் கருகலோடு கைகோக்கும். சுட்ட பாரை மீனும் நல்லது, எலுமிச்சையை மட்டும் குறைவாகப் பிழியுங்கள்.

நண்டுக்கறி பற்றிக் கேட்பவர்கள் அதிகம். நண்டின் இனிப்புக்கு ஸ்டவுட் மிக நன்றாகப் போகும், உறைப்புத்தான் தடை. வாயுவும் மதுசாரமும் மிளகாயின் எரிவைக் கூட்டும், 9 வீத ஸ்டவுட் என்றால் வாய் தீயாகும். மிளகு சேர்த்து, மிளகாய்த்தூள் குறைத்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய நண்டாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாக வறுத்த சரக்குத்தூளில் பிரட்டிய ஆட்டிறைச்சியும் அப்படியே. பழப்புளி தூக்கலான மீன்குழம்பு வேண்டாம், புளி வறுவல் கசப்பைக் கூர்மையாக்கிவிடும்.

இனிப்பில் வட்டிலாப்பத்துக்கு ஈடு இல்லை. கித்துள் வெல்லம், தேங்காய்ப்பால், ஏலம், சாதிக்காய் நான்கும் சொக்லேட் மோல்ட்டின் பக்கத்தில் வந்து உட்காரும். எருமைத்தயிரில் கொஞ்சம் கித்துள் பாணி விட்டதும் அழகு, தயிரின் புளிப்பு மெல்லியதாக இருந்தால். ஒரு விதி மட்டும் நினைவிருக்கட்டும்: சாப்பிடும் இனிப்பு பியரைவிட மிக அதிக இனிப்பாக இருந்தால் பியர் வெறும் கசப்பாகிவிடும். கேக் ஐசிங், தொதல் இரண்டும் என் கணக்கில் அந்தப் பக்கம் சேர்ந்தவை. ஒன்றும் செய்ய நேரமில்லையென்றால் உப்புப் போட்டு வறுத்த கச்சானும் ஒரு துண்டு பனங்கட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாலையில் எத்தனை சுவைக்கலாம்?

மூன்று, நான்கு வகைக்கு மேல் நாக்கு பிரித்தறியாது. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 80 முதல் 100 மில்லிலீற்றர் போதும், ஒரு சிறு போத்தல் மூன்று நான்கு பேருக்கு வரும். மதுசாரம் குறைந்ததிலிருந்து கூடியதற்கும், இனிப்புக் குறைந்ததிலிருந்து இனிப்புக்கும் போங்கள். இடையில் தண்ணீரும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும்.

வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 வீத ஸ்டவுட் 330 மில்லிலீற்றரில் சுமார் 26 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. அதே அளவு 5 வீத லாகரில் 13 கிராம். 8.8 வீத ஸ்டவுட்டின் 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் 43 கிராம், அதாவது அப்படிப்பட்ட லாகர் மூன்றுக்கு மேல். இனிப்பும் வழுவழுப்பும் இந்த வலிமையை மறைத்துவிடும். பெரிய போத்தலை ஒருவரே முடிப்பதைச் சுவைத்தல் என்று என்னால் சொல்ல முடியாது. வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் திரும்பக் கூடாது. முச்சக்கர வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போத்தலைத் திறங்கள்.

ஸ்டவுட்டில் முட்டை அடித்துக் குடித்தால் உடம்பு தேறும் என்கிறார்களே?

தேறாது. ஸ்டவுட்டிலுள்ள இரும்புச்சத்து மிகச் சொற்பம். 1929இல் 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்று இங்கிலாந்தில் விளம்பரம் செய்தார்கள், அந்த நம்பிக்கை உலகம் முழுவதும் பரவி இன்னும் போகவில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தென்று நினைத்து ஸ்டவுட் குடிக்கவே கூடாது. ஈரல் நோயுள்ளவர்களும், மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளுங்கள். பார்லியில் குளூட்டன் இருப்பதையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. போயா நாளில் மதுக்கடைகள் மூடியிருக்கும். பொது இடத்தில் குடிக்க முடியாது, கடற்கரை மணலும் அதில் அடக்கம். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையோ கோட்டை வாசலோ இதற்கான இடமல்ல என்பதைச் சட்டம் சொல்லித்தான் அறிய வேண்டுமென்றில்லை.

மேசையில் மது தொடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

நமது ஊரில் இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. வற்புறுத்த வேண்டாம், 'ஒரு சொட்டு' என்றும் நீட்ட வேண்டாம். கொக்கோத் தூள், வறுத்த கோப்பிக்கொட்டை, கித்துள் வெல்லம், பேரீச்சம்பழம், கருக வறுத்த பாண் துண்டு என ஐந்து சிறு கிண்ணம் வைத்து, கண்ணைக் கட்டி முகர்ந்து சொல்லவையுங்கள். குடிக்காதவரின் மூக்குத்தான் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். குடிக்கிறவர்களும் இதை முதலில் செய்துவிட்டு ஸ்டவுட்டுக்குப் போனால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடலாம். மதுசாரம் நீக்கிய ஸ்டவுட்களும் வெளிநாட்டில் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றை எல்லோரும் ஏற்பார்கள் என்று எண்ணாமல், என்னவென்று சொல்லிக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

குறிப்பு எழுத வேண்டுமா? என்ன எழுதுவது?

எழுதுங்கள். மறுநாள் காலையில் 'நல்லாயிருந்தது' என்பது மட்டுமே நினைவில் நிற்கும். பெயர், மதுசார வீதம், குடித்த நாள், எவ்வளவு குளிர், பிறகு நாலு வரி. வெளிநாட்டார் எழுதும் பழங்களின் பெயர்களைக் கடன் வாங்காதீர்கள். நீங்கள் தின்றறியாத கறுப்புச் செர்ரியை அங்கே தேடி என்ன பயன்? லயன் ஸ்டவுட்டுக்கு நாங்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது: 'மணத்தில் கித்துள் பாணி, கொக்கோத் தூள். வாயில் முதலில் பேரீச்சை, பிறகு சீனி குறைந்த வெறுங்கோப்பி. உடம்பு தடிப்பு. கடைசியில் தொண்டையில் மதுசாரச் சூடு. சுட்ட கணவாயோடு மிக நன்று, வட்டிலாப்பத்தோடு இன்னும் நன்று. 8 பாகையில் ஊமை, 13இல் பேசியது.' இன்னொருவர் அதே போத்தலில் சுட்ட சிரட்டையின் புகையைக் கண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம், அடுத்த போத்தலில் யார் சொன்னது தெரிகிறதென்று பார்க்க.